கனஅடி என்றால் எத்தனை படி?

(திண்டிவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மக்கள் தொடர்புத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு வழிகாட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'மூத்த வல்லுநர்' என்று அச்சடித்திருக்கிறது. மூத்தவன் என்பது உண்மை. வல்லுநர் என்பது எங்கள் துறையின் வழக்கமான மிகை. நாங்கள் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்த பட்டம் இன்று எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

நான் ஒரு வெள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததே தவிர, நகரவில்லை. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. மயிலம் உங்களுக்குப் பங்குனி உத்திரத்துக்கு நடந்தே போகிற தூரம். ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் ஏறத்தாழ பாதி ஒரே நாளில் கொட்டியது. அடுத்த இரவு மேற்கே ஊத்தங்கரைப் பக்கம் அதே அளவு. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கனஅடி திறந்துவிடப்பட்டது. அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலைமேல் ஆறு ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகள் நின்றன.

அதன்பிறகு ஒரு சண்டை நடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் அணையைத் திறந்துவிட்டார்கள் என்றது ஒரு தரப்பு. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்த பிறகுதான் திறந்தோம் என்றது அரசுத் தரப்பு. இரண்டையும் நாளேடுகளில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, ஆற்றோரக் கிராமம் ஒன்றில் நிவாரணப் பொருள் கொடுக்கப் போனபோது ஓர் ஆயா சொன்னதுதான் இன்றுவரை காதில் நிற்கிறது. பாயையும் துணியையும் தெருவில் உலர்த்திக்கொண்டிருந்தார். "தண்ணி வருதுன்னு சொன்னாங்கப்பா. மைக்கு கட்டிக்கினு வண்டி வந்துச்சு. எவ்ளோ வரும்னு சொல்லலியே! ஒரு படியா, ரெண்டு படியா?" என்றார். அவர் வீட்டுக்கு மூன்று படி. தண்ணீர் சன்னலுக்கு வந்திருந்தது. சுவரில் சேற்றுக்கோடு என் மார்பு உயரத்துக்கு இருந்தது.

அவருக்குத் தகவல் போகவில்லை என்று சொல்ல முடியாது. போனது. ஆனால் அது பொறியாளர் இன்னொரு பொறியாளருக்குச் சொல்லும் கணக்கில் போனது. ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கனஅடி என்பது வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் என்ற அளவு. அதைக் கேட்டு எந்தக் குடும்பமும் அரிசிமூட்டையை எவ்வளவு உயரத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்ய முடியாது. கனஅடியைப் படியாக்கிச் சொல்வதற்கு நடுவே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் எங்கள் துறையில் வேலை. துணிக்கடை திறப்புவிழாவுக்கு நடிகையை அழைத்து வருவதும் எங்கள் வேலைதான். அதை நான் மறுக்கவில்லை, அதில் சம்பாதித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஒரு சின்ன விலகல். இந்த மண்ணில் அரசாங்கத்தின் செய்தியை மக்களிடம் கொண்டுபோன முதல் ஆள் யார்? பறையடித்துத் தெருத்தெருவாக நின்று கூவியவர். எந்த ஏரியில் மீன் ஏலம், எந்தத் தேதிக்குள் வரி கட்ட வேண்டும் என்று, அதிகாரியின் சொல்லை ஊர்ச்சொல்லாக மாற்றி நாலே வரியில் சொன்னவர். அவருக்கு அந்த வேலையைச் சாதிதான் கொடுத்தது. மரியாதையை யாரும் கொடுக்கவில்லை. தண்டோரா போடுவதை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் எழுதியது 2022இல்தான். நல்ல முடிவு, ரொம்பத் தாமதமான முடிவு. ஆனால் அந்த மனிதரிடம் இருந்த நாலு வரித் திறமையை யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை. வண்டியில் மைக் வந்தது. எழுதிக் கொடுக்கிற கை அதே அலுவலகக் கையாக இருந்துவிட்டது.

சரி, உங்களிடம் வருகிறேன். திண்டிவனத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சென்னையில் என்ன நடக்கிறது? எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், கதை பெரும்பாலும் ஒன்றுதான். நேர்காணலில் 'நல்ல தமிழ் தெரிகிறது' என்று பாராட்டி எடுப்பார்கள். முதல் நாளே ஓர் ஓரத்து மேசையில் உட்காரவைத்து, மும்பையிலோ குருகிராமிலோ யாரோ ஆங்கிலத்தில் எழுதிய செய்திக்குறிப்பைக் கொடுத்து, 'ரெண்டு மணிக்குள்ள தமிழ்ல வேணும்' என்பார்கள். ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பாருங்கள், அதே மேசையில் இருப்பான். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாடிக்கையாளரோடு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நல்ல தமிழ் அவனை வேலைக்குள் சேர்த்தது. அந்தத் தமிழே அவனை ஓரத்தில் நிறுத்தியும் வைத்தது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண், உங்கள் பக்கத்து ஊர்க்காரர், ஒருமுறை ஒரு குறிப்போடு வந்து நின்றார். ஒரு நிறுவனம் விழுப்புரத்தில் கிளை திறக்கிறது. தமிழாக்கம் இப்படித் தொடங்கியது: 'புதுமையின் மீதான தனது ஆழ்ந்த அர்ப்பணிப்பை மீண்டும் உறுதிசெய்யும் விதமாகவும், வாடிக்கையாளர்களின் வளர்ந்துவரும் தேவைகளைப் பூர்த்தி செய்யும் பொருட்டும், தனது 40ஆவது கிளையைத் தொடங்குவதில் நிறுவனம் பெருமகிழ்ச்சி அடைகிறது.' அவர் கேட்டார்: "சார், எல்லாம் சரியா இருக்கு. ஆனா கடை எங்க இருக்குன்னே இதுல இல்லையே?" இருந்தது. நாலாவது பத்தியின் கடைசி வரியில், கதவு எண்ணும் அஞ்சல் குறியீட்டெண்ணுமாக இருந்தது. அவர் அதையெல்லாம் அடித்துவிட்டு எழுதினார்: 'விழுப்புரம் நேருஜி சாலையில் வரும் திங்கட்கிழமை முதல்…' அவ்வளவுதான். இனிமேல் எதற்கெல்லாம் கடலூருக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம் என்பது அடுத்த வரியில். மொத்தம் ஆறு வரி. மறுநாள் உள்ளூர்ப் பதிப்புகளில் ஒரு சொல்கூட மாறாமல் வந்தது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? 'அர்ப்பணிப்பு எங்கே போயிற்று?' என்று மின்னஞ்சல் அனுப்பியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கலாம். விதை விற்கும் நிறுவனம் ஒன்றின் துண்டறிக்கை. 'நிலக்கடலை' என்று வந்திருந்தது. இந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் அதை அடித்துவிட்டு 'மணிலா' என்று எழுதினான். உங்களுக்கெல்லாம் தெரியும், இங்கே அது மணிலா, பேச்சில் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டுபோகிற எந்த விவசாயியும் நிலக்கடலை என்று வாயைத் திறக்க மாட்டார். மேலாளர் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்: 'மணிலா பிலிப்பைன்ஸின் தலைநகரம். திருத்தவும்.' பையன் பேசாமல் திருத்திக் கொடுத்துவிட்டான். எனக்கு மேலாளர்மேல் கோபமில்லை, அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பையன் பேசாமல் திருத்தினான் பாருங்கள், அங்கேதான் ஒரு பெரியவர் வேண்டும். 'சார், எங்க ஊர்ல அதுதான் பேரு' என்று நிமிர்ந்து சொல்ல அவனுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இருந்தார். அவர் பெயரைச் சொல்வதை அவரே விரும்பமாட்டார். 'சார்' என்றே சொல்கிறேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் மாவட்டச் செய்தியாளர்கள் எழுதியதை உறையில் போட்டு, பஸ் கண்டக்டரிடமோ ரயிலிலோ கொடுத்து அனுப்புவார்கள். அதற்குக் 'கவர்' என்று பெயர். விழுப்புரம் சந்திப்பு என்பதால் எந்தத் திசைக்கும் வண்டி உண்டு. சேர்ந்த இரண்டாம் நாள் சார் என்னை விழுப்புரத்துக்கு அனுப்பினார். வேலை ஒன்றும் இல்லை; சாயங்காலம்வரை ஒரு செய்தியாளரோடு சுற்றி, அவர் கவர் போடுவதைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அன்றைக்கு அவர் பையில் பதினோரு அறிக்கைகள் இருந்தன. கவரில் போனது மூன்று. மிச்ச எட்டின் பின்பக்கத்தில் அவர் செய்தி எழுதினார், காகிதம் நல்ல காகிதம் என்று. அந்த எட்டில் ஒன்று எங்களுடையது. திரும்பி வந்து சொன்னேன். சார் சிரிக்கக்கூட இல்லை. "எந்த மூணு போச்சு? அதைச் சொல்லு" என்றார்.

வழிகாட்டுதல் என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, அது நடைமுறையில் இப்படித்தான் நடக்கிறது. அறிவுரை நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. திருத்திய தாள்தான் பாடப்புத்தகம். சார் என் வரியை அடித்தால் ஓரத்தில் காரணம் எழுதுவார். 'யாருக்கு?' என்று எழுதியிருந்தால், வாசகர் யாரென்று யோசிக்காமல் எழுதியிருக்கிறேன் என்று பொருள். 'பார்த்தாயா?' என்றிருந்தால், நேரில் போகாமல் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு மேலாளர்கள் கணினியில் வரியை அழித்துத் தாங்களே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தான் எழுதியதில் எது போயிற்று, ஏன் போயிற்று என்றே தெரிவதில்லை. நேரம் இல்லை என்பார்கள். ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

அந்த 'பார்த்தாயா?' எனக்கு எப்படிப் புரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெருமைப்படும் கதை அல்ல. வட மாவட்டத் தொழிற்சாலை ஒன்றில் தீ. நான் வேலைக்கு வந்து மூன்று வருஷம். ஆலையிலிருந்து தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதி, 'யாருக்கும் காயம் இல்லை' என்று எல்லாப் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவருக்குக் கையிலும் முதுகிலும் தீக்காயம். அவர் ஆலையின் பட்டியலில் இல்லை, அதனால் அவர்கள் கணக்கில் அவர் 'யாரும்' இல்லை. சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மனிதரின் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அவர் மனைவி என்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்து டீ வாங்கி வந்து கொடுத்தார். குடித்தேன். பிறகு பொதுத் தொலைபேசியில் சில்லறையைக் கொட்டி, இரவு எட்டு மணிவரை ஒவ்வொரு செய்தியாளரையும் நானே அழைத்து, 'நான் கொடுத்தது தவறு, ஒருவருக்குக் காயம்' என்று சொன்னேன். பக்கத்தில் நின்றார் சார். அந்த வாடிக்கையாளர் எங்களை விட்டுப் போய்விட்டார். செய்தியாளர்கள் போகவில்லை.

எங்கள் தொழிலுக்குத் தந்தை என்று பாடத்தில் ஐவி லீயைச் சொல்வார்கள். 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் பாலத்திலிருந்து விழுந்தபோது, விபத்தை மறைக்காமல் ரயில்வே தரப்பிலிருந்து பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுக்க வைத்தவர். அதைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்பார்கள். அதே லீ, 1914இல் லட்லோ சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்டபோது, சுரங்க முதலாளி ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் தவறான தகவல்களோடு வெளியீடுகள் அனுப்பினார். முதலாளி கொடுத்ததைச் சரிபார்க்கவில்லை. எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அவருக்கு 'விஷ ஐவி' என்று பெயர் வைத்தார். வகுப்பில் முதல் கதையை மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள் என்று இங்கே இருக்கும் பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பக்கத்திலும் ஒரு முன்னோடி இருக்கிறார். 1958இல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' வந்தபோது அதன் படங்களையும் செய்திகளையும் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் 'பிலிம் நியூஸ்' ஆனந்தன். தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் அவர். 2016இல் காலமானார். அவரிடம் கற்க வேண்டியது தொடர்புகளை வளர்க்கும் சாமர்த்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எந்தப் படம், எந்தத் தேதி, யார் இயக்கம், யார் இசை என்று அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்தார். அந்தத் தொகுப்பைத் தமிழக அரசே வாங்கியது. 2004இல் 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்ற பெரும் நூலாக வந்தது. விளம்பரம் செய்ய வந்தவர் ஆவணக்காரராக நின்றார். ஒரு தேதியைச் சரிபார்க்கப் பத்திரிகைக்காரர்களே அவரைத் தேடிப் போனார்கள். அவர் மகன் டைமண்ட் பாபுவும் அதே தொழிலில் பெயர் வாங்கினார். அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகும் வாய்ப்பு அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. உங்கள் அப்பா மணிலா போடுகிறவராகவோ பஸ் ஓட்டுகிறவராகவோ இருக்கலாம். அந்த வாய்ப்பை உங்களுக்கு வெளியே இருந்துதான் யாராவது உண்டாக்கித் தரவேண்டும்.

அதற்கு முன்னால் வயிற்றுப்பாடு. 'இன்டர்ன்ஷிப்' என்று ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிற வழக்கம் எங்கள் துறையில் இருக்கிறது. சென்னையில் சொந்த வீடு இருக்கிற பிள்ளை அதைத் தாங்கும். திண்டிவனத்திலிருந்து வருகிற பெண் பிள்ளைக்கு விடுதி வாடகை, சாப்பாடு, இரவு நிகழ்ச்சி முடிந்து திரும்ப ஆட்டோ. தாங்காது. தினமும் 120 கிலோமீட்டர் ரயிலில் போய்த் திரும்பி, மூன்றாம் மாதம் காய்ச்சலோடு நின்றுபோன ஒரு மாணவியை எனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் துறையில் ஆர்வம் இல்லை என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். ஆர்வம் இருக்கிறது, மாத வாடகை இல்லை.

இளைஞர்களிடமும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆங்கிலம். உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆனால் படிக்காமல் இருக்காதீர்கள். மூலக் குறிப்பில் என்ன பித்தலாட்டம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆங்கிலம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பித்தலாட்டத்தை நீங்களே நல்ல தமிழில் எழுதிக் கொடுப்பீர்கள். இன்னொன்று, ஸ்கேல். இன்னமும் சில அலுவலகங்களில் புதுப் பிள்ளைகளிடம் செய்தித்தாள் வெட்டுத் துண்டுகளையும் ஸ்கேலையும் கொடுத்து, எத்தனை சென்டிமீட்டர் செய்தி, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவு என்று பெருக்கிக் காட்டச் சொல்கிறார்கள். அதுதான் எங்கள் உழைப்பின் மதிப்பாம். 2010இலேயே எங்கள் துறையினர் பார்சிலோனாவில் உலக அளவில் கூடி, இந்தக் கணக்கு செல்லாது என்று தீர்மானம் போட்டாயிற்று. கொடுத்த வேலையைச் செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அளந்து முடித்த பிறகு, 'இதைப் படித்து யார் என்ன செய்தார்கள்?' என்று ஒரு தடவை கேட்டுவையுங்கள். அந்த ஆயாவின் வீட்டில் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. எந்த ஸ்கேலில் அளந்தாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு வரும்.

முன்வரிசையில் சென்னையில் நிறுவனம் நடத்தும் நண்பர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கூப்பிட்டேன் என்பதற்காக வந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான். இந்த ஆண்டு இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேரை எடுங்கள். விடுதி வாடகைக்குக் காணும்படி முதல் மாதத்திலிருந்தே சம்பளம் கொடுங்கள். ஆங்கிலக் குறிப்பு முடிந்து கைக்கு வரும்வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள். அது பிறக்கிற கூட்டத்திலேயே ஒரு நாற்காலி போடுங்கள். முதல் ஆறு மாதம் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழாவது மாதம் ஒருவர் கை தூக்கி, 'சார், எங்க ஊர்ல இதை யாரும் இப்படிச் சொல்லமாட்டாங்க' என்பார். அன்றைக்கு எனக்குத் தகவல் சொல்லுங்கள், நான் வந்து காபி வாங்கித் தருகிறேன்.

மாணவர்களுக்கு: நூலகத்தில் இன்றைய நாளேடுகள் இருக்கின்றன. ஏதாவது ஓர் அலுவலகமோ நிறுவனமோ கொடுத்த அறிவிப்பு ஒன்றை எடுத்து, உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல ஆறு வரியில் எழுதி வாருங்கள். எனக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வண்டி. அதுவரை இந்த மேடைக்குப் பக்கத்து அறையில் இருப்பேன். சிவப்புப் பேனா கொண்டுவந்திருக்கிறேன்.